தாய்ப்பாலும் தாயின் இடர்களும்

குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்த உணவு என்று எடுத்துரைக்க இன்று ஒரு சொற்பொழிவு வேண்டுவதில்லை. அதைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்; மருத்துவமனை வாயிலில் எழுதியிருக்கிறார்கள்; பால்மாவு டப்பாவின் மேலேயே அதை அச்சிட வேண்டும் என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிட்டிருக்கிறது. ஆயினும், பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், மார்பு கல்லாக இறுகி, காம்பு வெடித்து, குழந்தை கதற, தானும் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் சென்று, ‘தாய்ப்பாலே சிறந்தது’ என்று சொன்னால் அவளுக்கு என்ன பயன்? பாலின் சிறப்பை அவள் அறிவாள். அதைக் கொடுக்கும் வழிதான் அவளுக்குத் தெரிய வேண்டும். அந்த வழியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

நாம் வைத்தியர் அல்லோம். மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்கிறோம். தாய் சேய் நலம் பற்றிய வெளியீடுகளைத் தமிழாக்கும்போது நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்த சொல் ஒன்று உண்டு. குழந்தை மார்பை வாயால் பிடித்துக்கொள்ளும் செயலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், கதவின் தாழ்ப்பாளையும் குறிப்பது. தாழ்ப்பாள் என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். ‘கவ்வுதல்’ என்றால் பூனை எலியைக் கவ்வுவதுபோல் இருக்கிறது. முடிவில் ‘பற்றுதல்’ என்று எழுதினோம். கொடி கொம்பைப் பற்றுவதுபோல், விடாமலும் வலிக்காமலும் பற்றுதல். இந்தப் பற்றுதல் சரியாக அமைந்துவிட்டால், பால் கொடுப்பதில் வரும் உடல் இடர்களில் பெரும்பாலானவை வாராமலே போகும்; வந்தவையும் விரைவில் நீங்கும். இன்று நாம் சொல்ல வந்த செய்தி இதுவே. மற்றவை எல்லாம் இதன் விரிவு.

முதலில், இதனை இத்தனை வற்புறுத்துவானேன் என்று கேட்கலாம். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர்தாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் ஒன்றையே அருந்துவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர். மற்றக் குழந்தைகளின் அன்னையரெல்லாம் மனமில்லாதவர்களா? இல்லை. காம்பு வலித்தது, மார்பு கட்டிக்கொண்டது, ‘பால் போதவில்லை’ என்று யாரோ சொன்னார்கள். இப்படித்தான் புட்டி வீட்டுக்குள் நுழைகிறது.

மும்பையில் அது நுழைந்தால் வரும் கேடு என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். தாராவியில் பத்துக்குப் பத்தடிக் கோலியில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகள் பல. குழாயில் நீர் வரும் வேளையில் குடத்தில் பிடித்துவைத்த தண்ணீரில்தான் பால்மாவைக் கரைக்க வேண்டும். புட்டியை ஒவ்வொரு முறையும் கொதிக்கவைக்க அடுப்பும் வேண்டும், நேரமும் வேண்டும். டப்பாவின் விலைக்கு அஞ்சி, இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்றரைக் கரண்டி போடுவதும் நடக்கும். அசுத்த நீரால் வயிற்றுப்போக்கு. நீர்த்த பாலால் மெலிவு. செம்பூரில் அடுக்குமாடி வீட்டில் வாழும் தாய்க்கு இந்தத் தண்ணீர்க் கவலை குறைவு. ஆனால் காம்பு வெடித்தால் மாட்டுங்காவிலும் வலி ஒன்றுதான், தாராவியிலும் வலி ஒன்றுதான். ஆகவே இது எல்லார்க்கும் உரிய பேச்சு.

தொடக்கத்திலிருந்து வருவோம். குழந்தை பிறந்தவுடன், நலமாயிருப்பின், துடைத்துத் தாயின் வெற்று மார்பின்மீது கிடத்த வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் அது தானே வாயைத் திறந்து தேடும். முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது மஞ்சள் நிறமான சீம்பால். அளவு சிறிது, அதனால் ‘இவளுக்குப் பாலே இல்லை’ என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். முதல் நாள் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்வதே ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான் என்பதை அறிந்தால் அவ்வாறு கூறமாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து குடியேறிய குடும்பங்களில், பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தடவிச் ‘சேனை’ வைக்கும் வழக்கம் உண்டு. அன்பினால் செய்வதே, ஆயினும் அதன் வழியே கிருமியும் செல்லும், குழந்தையின் பசியும் மந்தமாகும். பெரியவரின் ஆசியைக் கைகளால் தலையில் வைத்தருளட்டும். நாவில் சீம்பாலே முதலில் படட்டும்.

இவ்வூரில் ஒரு வேடிக்கை உண்டு. பசுவின் சீம்பாலை வேகவைத்துக் ‘கர்வஸ்’ என்ற பெயரில் மராத்தியப் பால்கடைகளில் விற்கிறார்கள். நாமும் விலை கொடுத்து வாங்கி உண்கிறோம். தாயின் சீம்பாலையோ ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சித் தரையில் விடச் சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நோயெதிர்க்கும் பொருள்கள் செறிந்த முதல் தடுப்பு மருந்து அது.

இனிப் பற்றுதலைக் காண்போம். குழந்தையை ஏந்துவதில் நான்கு விதிகள்: தலையும் முதுகும் இடுப்பும் ஒரே நேர்கோட்டில் இருத்தல், உடல் முழுதும் தாயை நோக்கித் திரும்பியிருத்தல், வயிற்றோடு வயிறு ஒட்டியிருத்தல், கழுத்தை மட்டுமின்றி உடல் முழுவதையும் கை தாங்குதல். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மால் ஒரு மிடறு நீர் விழுங்க முடிகிறதா என்று பார்த்தால், இதன் காரணம் விளங்கும். தாயும் சாய்ந்து வசதியாக அமர வேண்டும். தலையணை கிடைக்காவிட்டால் மடித்த சேலை போதும்.

பிறகு காம்பினால் குழந்தையின் மேலுதட்டைத் தடவினால் அது கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறக்கும். அந்தக் கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகலாகாது. சரியாகப் பற்றியதற்கு அடையாளம் நான்கு: வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்கும், மோவாய் மார்பைத் தொடும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேற்புறம் அதிகமாகவும் கீழ்ப்புறம் குறைவாகவும் தெரியும். கன்று மடியை முட்டி வாய்நிறையப் பிடித்துக் குடிப்பதைக் கிராமத்தில் கண்டவர்களுக்கு இது புதிதன்று. குழந்தை குடிக்க வேண்டுவது மார்பிலிருந்தே. காம்பு வெறும் வழி.

காம்பு மட்டும் வாயில் அகப்பட்டால் என்ன ஆகும்? குழந்தையின் ஈறும் அண்ணமும் அதனை நசுக்கும், வலிக்கும், வெடிக்கும், பாலும் வராது. காம்பு வெடிப்புக்குப் பெரும்பாலும் மூல காரணம் இதுவே. வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பது வீரம் ஆகாது. சுண்டுவிரலைக் கழுவிக் குழந்தையின் வாயோரத்தில் மெல்ல நுழைத்தால் பிடி தளரும். எடுத்துவிட்டு மறுபடியும் பற்றவைக்க வேண்டும். நாலு முறை, ஐந்து முறை ஆனாலும் பொறுமையுடன் செய்ய வேண்டும். வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுக்கலாம். குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலைப் பீய்ச்சிப் புண்ணில் தடவிக் காற்றாட விட்டால் ஆறும். காம்பைச் சோப்பால் கழுவலாகாது. இயற்கை அங்கே வைத்துள்ள எண்ணெய்ப்பசை போய்விடும். பற்றுதல் சரியாயிருந்தும் தீப்பட்டதுபோல் எரிச்சலும், குழந்தையின் வாயில் துடைத்தால் போகாத வெண்படலமும் தோன்றினால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அப்போது தாய், சேய் இருவருக்கும் ஒருசேர மருந்து வேண்டும். குழந்தையின் நாக்கடி நரம்பு ஒட்டியிருந்தாலும் பற்ற முடியாமற் போவதுண்டு. அதை வைத்தியர் பார்த்துச் சொல்வார்.

சிலருக்குக் காம்பு தட்டையாகவோ உள்ளிழுத்தோ இருக்கும். ‘இவளால் கொடுக்கவே முடியாது’ என்று கைவிட வேண்டுவதில்லை. குழந்தை பற்றுவது மார்பைத்தான் என்று சொன்னோம். ஆகவே இத்தகைய தாய்மாரிலும் பலர் நன்றாகக் கொடுக்கிறார்கள். இதற்கு ஓர் எளிய உபாயத்தை விவரித்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்களே. கர்நாடகத்தில் தாவணகெரேயைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் நிர்மலா கேசரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் இதை ஒரு மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை எடுத்து, ஊசி பொருத்தும் முனையை வெட்டிவிட்டு, உந்துதண்டை வெட்டிய பக்கத்தின் வழியே நுழைக்க வேண்டும். வெட்டுப்படாத வழுவழுப்பான பக்கம் மார்பின்மேல் படியும். தண்டை மெல்ல இழுத்தால் காம்பு வெளியே எழும்பி வரும். வலிக்காத அளவுக்கு இழுத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நிறுத்திவைத்து, உடனே குழந்தையைப் பற்றவைக்க வேண்டும். சில ரூபாய்ப் பொருள் ஒன்று ஒரு குழந்தையைப் புட்டியிலிருந்து காக்கிறது. செவிலி ஒருவர் முதல்முறை செய்துகாட்டிய பின் வீட்டில் செய்வது நலம்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் பால் பெருகும்போது, சிலருக்கு இரு மார்பும் விம்மி, பளபளத்து, கல்லாய் இறுகும். இதனையே பால் கட்டுதல் என்கிறோம். சற்றே காய்ச்சலும் அடிக்கலாம். இச்சமயத்தில் கொடுப்பதை நிறுத்துவது, அடைத்த சாக்கடைக்கு மேலும் ஒரு கல் வைப்பதற்கு ஒப்பாகும். அடிக்கடி கொடுக்க வேண்டும். கருவட்டம் இறுகிக் குழந்தையால் பற்ற முடியாவிடில், கொடுப்பதற்குச் சற்றுமுன் வெந்நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்து, விரல் நுனிகளால் காம்பைச் சுற்றி உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்தி, சிறிது பாலைக் கையால் பீய்ச்சினால் இளகும். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி வைத்தால் வீக்கமும் வலியும் தணியும்.

ஓரிடத்தில் மட்டும் கட்டி தோன்றுவதும் உண்டு. அதனை அரைத்து உருவிப் பிசைவது பழைய பழக்கம். வலுவாகப் பிசைந்தால் உள்ளே திசு கன்றி வீக்கம் மிகும் என்பது இன்றைய மருத்துவர் கருத்து. மென்மையாகத் தடவலாம்; குளிர் ஒத்தடம் தரலாம்; வழக்கம்போல் பால் கொடுக்கலாம். இறுகிய உள்ளாடையைத் தளர்த்த வேண்டும். ஓரிடம் சிவந்து, சுட்டு, குளிரும் காய்ச்சலும் கண்டால் அது மார்பக அழற்சி. ஒரு நாளில் தணியாவிட்டாலோ, காய்ச்சல் கடுமையாயிருந்தாலோ வைத்தியரிடம் செல்லத் தாமதிக்கலாகாது. விட்டால் சீழ்க்கட்டி ஆகும். அழற்சியின்போதும் பால் கொடுக்கலாம். அது குழந்தைக்குத் தீங்கு செய்யாது. பால் கொடுப்பதைச் சொல்லிவிட்டால், அதற்கேற்ற மருந்தையே வைத்தியர் தருவார்.

இனி, எல்லாவற்றினும் பரவலான புகார்: ‘பால் போதவில்லை.’ உண்மையாகவே பால் சுரக்காத தாய்மார் மிகச் சிலரே. மார்பு ஒரு கிணறு போன்றது. இறைக்க இறைக்க ஊறும். குழந்தை சப்புவதே சுரப்புக்குக் கட்டளை. இரவில் அக்கட்டளை இன்னும் வலுவாகச் செல்லும். ஆகவே இரவுப் பாலை நிறுத்தலாகாது. ஒரு புட்டிப் பால் உள்ளே போனால் ஒரு வேளைச் சப்புதல் குறையும்; மறுநாள் சுரப்பும் குறையும்; ‘பார்த்தாயா, போதவில்லை’ என்ற சொல் மெய்யாகிவிடும். கன்றைக் கண்டதும் பசு சுரப்பு விடுவதுபோல், குழந்தையைக் கண்டும் தொட்டும் தாய்க்குப் பால் இறங்குகிறது. அச்சமும் அவமானமும் அதனைத் தடுக்கும். எனவே, ‘உனக்குப் பால் இல்லை’ என்று சொல்பவரின் சொல்லே பாலைத் தடுத்துவிடக்கூடும்.

போதுகிறதா என்று அறிவது எப்படி? நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குழந்தை குடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பின் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிறிய சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று பொருள். முதல் சில நாள் எடை சற்றுக் குறைவது இயற்கை. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது பழமொழி. குழந்தை விஷயத்தில் அழுகைவரை காத்திருத்தல் தவறு. வாயைத் திறந்து தேடுவதும், கையைச் சப்புவதுமே பசியின் முதற் குறிகள். அழுகை கடைசிக் குறி. அழுதுகொண்டே இருக்கும் குழந்தை சரியாகப் பற்றாது. பூண்டும் சுறாப்புட்டும் தாய்க்குச் சமைத்துக் கொடுங்கள், உடலுக்கு நல்லதே. தாகத்துக்கு வேண்டிய தண்ணீரைப் பத்தியம் என்று மறுக்காதீர்கள். குழந்தைக்கோ, மும்பைக் கோடையிலும் ஆறு மாதம்வரை தண்ணீர் வேண்டுவதில்லை. பாலிலேயே போதிய நீர் இருக்கிறது.

குழந்தை குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், உடல் சுட்டாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளித்தாலும், வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுவைச் சிகிச்சையால் பெற்ற தாய்க்கு வயிற்றில் தையல் உறுத்தும். அவள் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். அல்லது குழந்தையின் கால்களைத் தன் கக்கத்தின் கீழ்ப் பின்னோக்கி வைத்து ஏந்திக் கொடுக்கலாம். வேலைக்குச் செல்லும் தாய் கையால் பீய்ச்சி வைக்கலாம். கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலின்மேல் விரல் வழுக்கி உருவக்கூடாது. மூடிய சுத்தமான பாத்திரத்தில் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். மும்பையின் புழுக்கத்தில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நன்று. புட்டி வேண்டாம், நம் வீட்டுப் பாலாடையோ சங்கோ போதும். கழுவ எளிது, கிருமி ஒளிய மூலையும் இல்லை.

குறைமாதத்தில் பிறந்து சப்பவும் வலுவற்ற குழந்தைகளுக்கு என்ன வழி? இதற்கு விடை நம் அண்டையிலேயே இருக்கிறது. தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பக்கத்தில், சயானில் உள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில், டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியால் 1989-ஆம் ஆண்டு தாய்ப்பால் வங்கி தொடங்கியது. இந்தியாவில் மட்டுமன்றி ஆசியாவிலேயே அதுதான் முதல் வங்கி. பால் மிகுந்த தாய்மார் விரும்பி அளிப்பதை, அவர்களுக்குத் தொற்றுநோய் இல்லை என்று சோதித்து, 62.5 பாகை வெப்பத்தில் முப்பது நிமிடம் காய்ச்சி, குளிரில் உறையவைத்து, பெற்ற தாயின் பால் கிட்டாத சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஏழையர் நிறைந்த ஒரு பொது மருத்துவமனையில், விலையுயர்ந்த மாவை நம்பியிராமல், வார்டில் படுத்திருக்கும் தாய்மாரின் கொடையையே மூலதனமாகக் கொண்டு எழுந்த வங்கி இது. மற்றொரு குழந்தைக்குப் பால் கொடுக்க விரும்பும் தாய், சோதனையின்றி அண்டை வீட்டில் நேரே கொடுப்பதைவிட இத்தகைய வங்கிக்கு அளிப்பதே பாதுகாப்பு.

இவ்வளவும் கேட்ட பின் ஓர் ஐயம் எழலாம். இத்தனை விதிகளைப் பதினெட்டு, இருபது வயதுப் பெண் ஒருத்தி, அதுவும் பெற்ற களைப்பில், எப்படி நினைவில் வைப்பாள்? வைக்க வேண்டுவதில்லை. ஊரில் என்றால் அம்மாவும் அத்தையும் மதினியும் சூழ இருந்து, கையைப் பிடித்துக் காட்டியிருப்பார்கள். பிழைப்பைத் தேடி ஆயிரம் மைல் கடந்து வந்த நகரத்தில் அந்தச் சூழல் குறைந்துவிட்டது. கணவன் வேலைக்குப் போய்விடுகிறான். தாய் தனியே சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கிறாள். குறைந்துபோன அந்தத் துணையை நாம்தான் ஈடுசெய்ய வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரையும் மகப்பேற்று மனையின் செவிலியையும் கேட்பதில் நாணம் வேண்டாம். ‘என் பிள்ளை குடிக்கும்போது ஒருமுறை பாருங்கள்’ என்று கேட்டாலே போதும். தேர்ந்த கண் பிழையைக் கண்டுவிடும்.

வீட்டில் மூத்தவர்களாக இருக்கும் ஆச்சிமார்க்கும் பாட்டிமார்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் மருமகளோ மகளோ வலியால் முகம் சுளிக்கும்போது, டப்பா வாங்கிவர ஆள் அனுப்புமுன், அவள் அருகில் அமருங்கள். குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, மோவாய் மார்பில் படுகிறதா என்று பாருங்கள். முதுகுக்கு ஒரு தலையணை வையுங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். கணவன்மாரும் இரவில் குழந்தையை எடுத்துத் தாயின் கையில் கொடுக்கலாம், துணியை மாற்றலாம், ‘உன்னால் முடியும்’ என்று சொல்லலாம். முதல் பத்து நாட்கள் இவ்வாறு தாங்கிவிட்டால், பின்னர்த் தாயும் சேயும் தாமே வழி கண்டுகொள்வார்கள்.